பென்ஷன் புக்கும் பிளேன் டிக்கெட்டும்

போன வாரம் ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தப்போ டிவியில ‘சூரரைப் போற்று’ ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2020-ல வந்த படம். எத்தனாவது தடவை பாக்குறோம்னு கணக்கில்லை. நம்ம சோழவந்தான் பையன் நெடுமாறன் பிளேன் கம்பெனி ஆரம்பிக்கிற கதை. (நிஜத்துல ஏர் டெக்கான் ஆரம்பிச்ச கேப்டன் கோபிநாத், கர்நாடகாவுல ஹாசன் மாவட்டம் கொரூர்க்காரர். சினிமாவுக்காக வைகைக் கரைக்குக் கொண்டாந்துட்டாய்ங்க. நமக்கென்ன, பெருமைதானே :-)) அதுல அப்பா சாகக் கெடக்குறாருன்னு சேதி வந்து, டிக்கெட்டுக்குக் காசு பத்தாம சூர்யா ஏர்போர்ட்ல நிக்கிறவங்ககிட்டல்லாம் கையேந்துவாரே, அந்த சீன். தங்கமணி வழக்கம் போல கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. அம்மா மட்டும் வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொல்லுச்சு.

“காசு குடுத்துட்டா மட்டும் உள்ள விட்ருவாய்ங்களாக்கும்? கார்டு கேப்பாய்ங்கள்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்மா சிரிக்கலை. ஏன்னு சொல்லணும்னா கொசுவத்தியைச் சுத்தணும். சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

2018, நவம்பர் 10, சனிக்கிழமை. தீபாவளி முடிஞ்சு நாலு நாள். சாயங்காலம் நாலரை மணி இருக்கும், மும்பையிலேர்ந்து மாமா மகன் போன் பண்ணினான். மாமான்னா அம்மாவோட கூடப் பொறந்த ஒரே அண்ணன். 1974-ல உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியை வித்துட்டு தாராவிக்குப் போய், காலையில இட்லிப் பாத்திரத்தைத் தலையில வச்சு வித்து, பொழச்சு, அங்கேயே வேரு பிடிச்சவர். மூளையில ரத்தக் கசிவாம், ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம். “அத்தையைப் பாக்கணும்னு சொல்றாரு. ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு அத்தான்” அப்படின்னான்.

மதுரையிலேர்ந்து மும்பைக்கு ரயில்னா ஒண்ணரை நாள். அதுவும் தீபாவளிக்கு வந்த ஜனம் பூராம் திரும்பிப் போற நேரம். தட்கால்ங்கிற பேச்சே இல்லை. காளவாசல்ல டிக்கெட் போடுற கடை வச்சிருக்கிற தம்பிக்குப் போன் அடிச்சேன். மறுநாள் காலையில மதுரை - சென்னை, அங்கேர்ந்து மும்பை. விலை குறைச்சல்னு பேர் வாங்கின கம்பெனிதான், ஆனா முதநாள் கேட்டா அவனும் ராஜாதான். ரெண்டு பேருக்குச் சேர்த்து என் ஒரு மாசச் சம்பளத்துல பாதி. சரி போடுன்னுட்டேன்.

அப்பத்தான் அந்தத் தம்பி கேட்டான். “அண்ணே, அம்மாவுக்கு ஐடி ப்ரூஃப் இருக்குல்ல?”

இருக்கும்டான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அறுபத்தாறு வயசு மனுஷி, அறுபத்தாறு வருஷமா இந்த நாட்டுல இருக்கு, ஒரு கார்டு கூடவா இருக்காது?

ராத்திரி ஏழரைக்கு உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தேன். அம்மா ஏற்கனவே அழுது முடிச்சு, ஒரு பையில ரெண்டு சேலையும், அண்ணனுக்குப் பிடிக்கும்னு கொஞ்சம் அதிரசமும் எடுத்து வச்சிருந்துச்சு. ஆதார் கார்டை எடும்மான்னேன்.

“அது தொலைஞ்சு போச்சுடா தம்பி.”

தீபாவளிக்கு முதநாள் ஜவுளி எடுக்கப் போன கூட்டத்துல மஞ்சப்பையோட போயிருச்சாம். ஜவுளி எடுக்க எதுக்கும்மா ஆதார் கார்டுன்னு கத்தினேன். “எதுக்கெடுத்தாலும் கேக்குறாய்ங்கடா, அதான் கூடவே வச்சிருந்தேன்”னுச்சு. அதுவும் நியாயம்தான். அந்த செப்டம்பர் 26-ம் தேதிதான் உச்ச நீதிமன்றம், பேங்க் கணக்குக்கும் செல்போனுக்கும் ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. அந்தத் தீர்ப்பு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேரலை போல.

பரவாயில்லை, நம்பர் தெரிஞ்சா போதும், இன்டர்நெட்ல எடுத்துக்கலாம். செல்போன்ல காட்டுற எம்-ஆதாரையும் விமான நிலையத்துல ஏத்துக்கிறாங்க, 2017 அக்டோபர்லேயே உத்தரவு போட்டாச்சு. நம்பர் அப்பாவோட டைரியில இருந்துச்சு. போட்டேன். ‘உங்கள் பதிவு செய்த செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்’னு வந்துச்சு. அம்மா செல்லுல ஒண்ணும் வரலை. மறுபடி போட்டேன். வரலை. அப்புறம்தான் கடைசி எண்களைப் பாத்தேன். அது அப்பாவோட பழைய நம்பர்.

அப்பா 2015 மார்ச்ல போயிட்டாரு. அந்த நம்பரை ரீசார்ஜ் பண்ணாம விட்டு அது எப்பவோ செத்துப் போச்சு. அம்மா யாருன்னு அரசாங்கம் அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, நான் அது தெரியாம நாலு தடவை அமுக்கிக்கிட்டு இருந்தேன்.

இ-சேவை மையத்துல ரேகை வச்சு எடுத்துக்கலாம்தான். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எவன் திறந்து வச்சிருக்கான்?

சரி, வாக்காளர் அட்டை. சேஷன் காலத்துல, 1993-ல ஆரம்பிச்ச திட்டம். அம்மாவோட அட்டை அந்தத் தொண்ணூறுகள்ல எடுத்ததுதான், கறுப்பு வெள்ளை. எடுக்கும்போதே பாதி முகம்தான் விழுந்திருந்துச்சாம். அதுக்கு மேல மழை ஈரம் பட்டு, அப்புறம் யாரோ புத்திசாலி சூடா லேமினேஷன் பண்ணி.. கார்டு இருந்துச்சு, பேரு இருந்துச்சு, முகம்தான் இல்லை. முக்காடு போட்ட ஒரு நிழல் மட்டும். தேர்தலுக்குப் போனா பூத்ல இருக்கிறவங்க ஊர்க்காரங்க, பேரைக் கேட்டுட்டு மையை வச்சு விட்ருவாங்க, அதனால அது தெரியாமலே போச்சு.

பாஸ்போர்ட் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ், சைக்கிளே ஓட்டத் தெரியாது. பான் கார்டுக்கு என்ன வருமானம்? ஸ்டேட் பேங்க் பாஸ்புக் இருந்துச்சு. தேசியமயமான பேங்க் பாஸ்புக்ல போட்டோ ஒட்டி மேல பேங்க் சீல் இருந்தா விமானத்துக்குச் செல்லும்னு எனக்கு அப்பத் தெரியாது, பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. ஆனா தெரிஞ்சிருந்தாலும் பிரயோஜனமில்லை. பழைய புத்தகம் பக்கம் தீந்து போய்ப் புதுசு வாங்கியிருந்துச்சு, புதுசுல போட்டோ ஒட்டலை. ரெண்டாவது சனிக்கிழமை, மறுநாள் ஞாயித்துக்கிழமை. பேங்க்காவது மண்ணாவது.

அப்ப அம்மா மொகம் மலர்ந்து போய் ஒண்ணைக் கொண்டாந்து நீட்டுச்சு. புது ஸ்மார்ட் ரேஷன் கார்டு. தமிழ்நாட்டுல 2017 ஏப்ரல்லேர்ந்து குடுக்க ஆரம்பிச்சாங்களே, அது. குடும்பத் தலைவி போட்டோ பளிச்சுனு. நம்ம அம்மாதான், மூக்குத்தி உட்பட. (அதே வருஷம் சேலம் ஓமலூர்ப் பக்கம் ஒரு அம்மா கார்டுல நடிகை காஜல் அகர்வால் படம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரியெல்லாம் ஆகலை.) வீட்டுல இருந்ததுலயே முகம் தெளிவாத் தெரிஞ்ச ஒரே அரசாங்க அட்டை அதுதான். அரிசி வாங்கலாம், பொங்கலுக்குக் கரும்பு வாங்கலாம்.

காளவாசல் தம்பிக்குப் போன் போட்டேன். “ரேஷன் கார்டு லிஸ்ட்ல இல்லைண்ணே”ன்னான்.

லிஸ்டா? என்ன லிஸ்ட்? அந்த லிஸ்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புடான்னேன். அப்பத்தான் முதல் தடவையா உட்கார்ந்து படிச்சேன். எத்தனை தடவை பறந்திருக்கேன், லைசென்ஸை நீட்டிட்டுப் போயிருவேன், படிச்சதே கிடையாது. விமானப் பாதுகாப்புக்குன்னு மத்திய அரசுல ஒரு பணியகம் இருக்கு, அவங்கதான் 2017 அக்டோபர்ல இதைப் போட்டது. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது எம்-ஆதார், பான் கார்டு, லைசென்ஸ், வேலை பாக்குற இடத்து அடையாள அட்டை, அரசுக் கல்வி நிலையத்துல படிக்கிற பிள்ளைன்னா மாணவர் அட்டை, நான் சொன்ன பேங்க் பாஸ்புக், மாற்றுத்திறனாளி அட்டை அல்லது மருத்துவச் சான்று, பென்ஷன் அட்டை. அப்பா அம்மாவோட போற சின்னப் பிள்ளைக்கு எதுவும் வேணாம். எதுவுமே இல்லாதவனுக்கு ஒரு வழி, மத்திய அரசு அல்லது மாநில அரசுல குரூப் ஏ கெஜட்டட் அதிகாரிகிட்ட போட்டோ ஒட்டின சான்று வாங்கிட்டு வரணும். உசிலம்பட்டியில சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குத் தெரிஞ்ச ஏ கிரேடு ஆளு பரோட்டாக் கடை மாஸ்டர் ஒருத்தர்தான்.

இங்க கொஞ்சம் புலம்பிக்கிறேன். இந்தக் கெடுபிடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி யோசிச்சுப் பாத்தேன். 1999 டிசம்பர்ல விமானத்தைக் கந்தகாருக்குக் கடத்திட்டுப் போன பிறகு, 2000-லேர்ந்து நம்ம விமான நிலைய வாசல்கள் ஒவ்வொண்ணா மத்திய தொழில் பாதுகாப்புப் படை கைக்கு வந்துச்சு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டிக்கெட்டே காணாமப் போச்சு. முன்னாடியெல்லாம் டிக்கெட்டுங்கிறது கார்பன் வச்ச ஒரு சின்னப் புத்தகம், அதைக் கையில வச்சிருக்கிறதே ஒரு அத்தாட்சி. 2003 ஆகஸ்ட்ல ஏர் டெக்கான் வந்து, அதுக்கப்புறம் வரிசையா குறைஞ்ச விலைக் கம்பெனிகள் வந்து, வீட்டு பிரிண்டர்ல எடுத்த தாளே டிக்கெட்டு ஆகிப் போச்சு. 2008 ஜூன் 1-லேர்ந்து உலகம் பூரா விமானக் கம்பெனிகள் பழைய காகித டிக்கெட்டை நிறுத்திட்டாங்க. எந்தக் கடையிலயும் அச்சடிக்கக் கூடிய தாள் அத்தாட்சி ஆகுமா? ஆகாது. அதனால தாளுக்குப் பதிலா ஆளு அத்தாட்சி காட்டணும். டிக்கெட் விலை எறங்க எறங்க கார்டோட மதிப்பு ஏறிக்கிட்டே வந்துச்சுங்கிறது என் கணக்கு. தப்புன்னா பின்னூட்டத்துல திட்டுங்க.

நிறுத்திட்டு மேட்டருக்கு வர்றேன். லிஸ்ட்டை அம்மாவுக்கு ஒவ்வொண்ணா வாசிச்சேன். அதுக்கு எரிச்சல் வந்துருச்சு.

“ஏண்டா, நான் நாந்தேன்னு சொன்னா நம்ப மாட்டாய்ங்களா? நீ கூட வர்றியே, எங்காத்தாதேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

என்ன பதில் சொல்றது? வாசிச்சுக்கிட்டே வந்தேன். “பென்ஷன் அட்டை, அல்லது போட்டோ உள்ள பென்ஷன் ஆவணம்..”

அம்மா எந்திரிச்சு உள்ள போச்சு.

அப்பா பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல் வாத்தியார். 2004-ல ரிட்டயர் ஆனாரு. அவரோட டிரங்குப் பெட்டியை அவர் போன பிறகு நாங்க யாரும் கலைக்கலை. அதுக்குள்ள ஒவ்வொரு தாளும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல, கவர் மேல ஒரு துண்டுச் சீட்டு, சீட்டுல அவர் கையெழுத்துல ‘வீட்டு வரி’, ‘பட்டா’, ‘தம்பி மார்க் ஷீட்’னு. ஒரு கவர்ல ‘பென்ஷன் - மிக முக்கியம்’னு சிவப்பு மையில அடிக்கோடு. உள்ள பென்ஷன் புக்.

திறந்தா ஜோடிப் படம். பென்ஷன் வாங்குறவரும் அவர் சம்சாரமும் சேர்ந்து எடுத்த படம்தான் அதுல ஒட்டணும், பின்னாடி குடும்பப் பென்ஷனுக்கு ஆளை அடையாளம் தெரியணும்னு. உசிலம்பட்டி ஸ்டுடியோ ஒண்ணுல எடுத்தது. அப்பா வெள்ளைச் சட்டையில, பாக்கெட்ல பேனாவோட, பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி விறைப்பா. பக்கத்துல அம்மா, தலை நிறைய கனகாம்பரம். ரெண்டு பேர் மேலயும் பாதிப் பாதியா விழுந்த மாதிரி கருவூலத்து ரவுண்டு சீல். வருஷா வருஷம் கருவூலத்துல நேர்காணலுக்கு, அதாங்க உயிரோட இருக்கேன்னு தலையைக் காட்டுறதுக்கு, அம்மா அதைத்தான் எடுத்துட்டுப் போகும்.

பதினாலு வருஷத்துக்கு முந்தின முகம். ஆனா முகம் இருக்கு, பேரு இருக்கு, சீல் இருக்கு. லிஸ்ட்ல இருக்கு.

அடுத்த தலைவலி பேரு. தமிழனுக்கு விமான டிக்கெட் போடுறதுல இருக்கிற பெரிய ரோதனை இதுதான், உங்க எல்லாருக்கும் அனுபவம் இருக்கும். அந்தப் படிவத்துல முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம். கடைசிக் கட்டத்துல இனிஷியல் ஒரு எழுத்தைப் போட்டா நெறைய இடத்துல ஏத்துக்காது. சும்மா விட்டா நகரவே நகராது. நமக்கு ஏது கடைசிப் பேரு? அதனால எனக்கு எங்கப்பா பேரு, அம்மாவுக்குப் புருஷன் பேரு, எம் பொண்ணுக்கு எம் பேரு, தங்கமணிக்குப் பாஸ்போர்ட்ல இருக்கிறபடி அவங்க அப்பா பேரு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நாலு டிக்கெட்ல மூணு கடைசிப் பேரு. இதுல ஸ்பெல்லிங் வேற. அம்மா பேரை இங்க எழுதினா உதை விழும், முத்துன்னு ஆரம்பிச்சு லட்சுமின்னு முடியும்னு வச்சுக்குங்க. பாஸ்புக்ல லட்சுமிக்கு எக்ஸ், பென்ஷன் புக்ல கே எஸ். முத்துவுல ஒண்ணுல ஹெச் உண்டு, இன்னொண்ணுல இல்லை. நல்லவேளை டிக்கெட்டை இன்னும் போடலை, பணம் மட்டும்தான் குடுத்திருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்குத் தம்பியைக் கூப்பிட்டு, பென்ஷன் புக்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்து எழுத்தாச் சொல்லி, கடைசிக் கட்டத்துல அப்பா பேரைப் போட வச்சேன். ரெண்டு டிக்கெட்லயும் அதே கடைசிப் பேரு.

அந்த லிஸ்ட்டை ஊர்ல ஜெராக்ஸ் கடைக்காரரைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி பிரிண்ட் எடுத்து, பென்ஷன் வரியில பச்சை ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டுக்கிட்டேன்.

வெள்ளன கார் பிடிச்சுக் கிளம்பினோம். செக்கானூரணி, திருமங்கலம், கப்பலூர், ரிங் ரோடு. மண்டேலா நகர்ல திரும்புறப்போ எனக்குச் சின்ன வயசு ஞாபகம். எண்பதுகள்ல சம்பளப் பில் விஷயமா அப்பா மதுரைக்கு வந்தா, வேலை முடிஞ்சதும் என்னையும் கூட்டிக்கிட்டு டவுன் பஸ் ஏறி பெருங்குடிக்கு வந்துருவாரு. வேலிக் கம்பிக்கு வெளிய நின்னு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் எறங்குறதைப் பாக்கணும், அவ்வளவுதான். எறங்கி முடிஞ்சதும் கடலை வாங்கிக் குடுத்துத் திரும்பக் கூட்டிட்டுப் போவாரு. வழி பூரா, றெக்கைக்கு மேல காத்து வேகமாப் போனா அழுத்தம் எப்படிக் குறையும்னு பாடம் வேற :-) ரிட்டயர் ஆனதுக்கப்புறம், ஒரு ரூபாய் டிக்கெட்டுனு ஏர் டெக்கான் விளம்பரம் வந்துச்சே, அதைப் பேப்பர்லேர்ந்து வெட்டி வச்சிருந்தாரு. டவுன் பஸ் டிக்கெட்டை விடக் கம்மின்னு ஊர்ல எல்லார்கிட்டயும் காட்டுவாரு. வரியெல்லாம் சேத்தா ஒரு ரூபாய் இல்லைப்பான்னு நான்தான் சொன்னேன். அப்படியா, அப்ப அப்புறம் பாக்கலாம்னுட்டாரு. அந்த அப்புறம் வரவே இல்லை. ஏன் அன்னைக்கே ஒரு டிக்கெட்டைப் போட்டுக் கூட்டிட்டுப் போகலைன்னு இப்ப கேட்டா எங்கிட்ட பதில் கிடையாது.

வாசல்ல துப்பாக்கியோட நின்னவர் வடக்கத்திப் பையன். மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு வயசு. என் லைசென்ஸைப் பாத்து விட்டுட்டாரு. அம்மா சேலைத் தலைப்பால துடைச்சு ரெண்டு கையாலயும் பென்ஷன் புக்கை நீட்டுச்சு.

பொரட்டினாரு. முன்னாடி பின்னாடி பாத்தாரு. “ஆதார்?”னு கேட்டாரு. இல்லைன்னு தலையாட்டிட்டு பச்சைக் கோடு போட்ட தாளை நீட்டினேன். படிச்சாரு. மறுபடி புக்கைப் பாத்தாரு. படத்துல ரெண்டு பேர் இருந்ததுதான் அவருக்குக் குழப்பம் போல. எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு, படத்தைப் பாத்தாரு, நான் அந்த ஆள் இல்லைன்னு தெரிஞ்சுச்சு. அப்பா மேல விரலை வச்சு இந்தியில என்னமோ கேட்டாரு. என் இந்தி அரைகுறை, ‘இவர் எங்கே’ங்கிற மாதிரி இருந்துச்சு. நான் வார்த்தை தேடிக்கிட்டு நின்னேன்.

அம்மாவுக்கு இந்தி சுத்தமாத் தெரியாது. ஆனா விரலு எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சுச்சு.

“அவுக போயி மூணு வருசமாச்சுய்யா”ன்னுச்சு. மேல கையைக் காட்டுச்சு.

அந்தப் பையன் விரலைச் சட்டுனு எடுத்துட்டாரு. சுட்ட மாதிரி. அப்புறம் பின்னாடி திரும்பி மேலதிகாரியைக் கூப்பிட்டாரு. வந்தவர் மலையாளி, தமிழ் தெரிஞ்சவர். புக்கை வாங்கி சீலைப் பாத்தாரு, டிக்கெட்ல பேரை எழுத்து எழுத்தா ஒப்பிட்டாரு, தாளைக் கூடப் பாக்கலை, அவருக்கு ரூல் தெரிஞ்சிருந்துச்சு. “அம்மா டீச்சரா?”ன்னாரு. “அவுகதேன் வாத்தியாரு. நான் சும்மா”ன்னுச்சு அம்மா. போங்கம்மான்னு ஒதுங்கி வழி விட்டாரு. நியாயமாச் சொல்லணும், வாசல்ல எங்களை யாரும் ஒரு சொல் சுடுசொல் சொல்லலை.

சொன்னது உள்ள கவுன்ட்டர்ல. கம்பெனிப் பேரு வேணாம் விடுங்க. லிப்ஸ்டிக் போட்ட அந்தப் பொண்ணு, “சார், இது ஐடி இல்லை, இது பாஸ்புக் மாதிரி ஏதோ”ன்னு ஒரே பிடி. வாசல்லயே விட்டுட்டாங்களேம்மான்னேன். அது அவங்க செக்யூரிட்டி, இது ஏர்லைன்னு பதில். பின்னாடி வரிசை நீண்டு போச்சு, ஒருத்தர் உச்சுக் கொட்டினாரு. பச்சைக் கோடு தாளை வாங்கி, இது எங்க வெப்சைட்ல இருக்கிற மாதிரி இல்லைன்னுச்சு. உங்க வெப்சைட்டையே திறங்கன்னேன். அதுலயும் கீழ ஓரத்துல பென்ஷன்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு அதுவரைக்கும் அந்த வரி வரைக்கும் எறங்கிப் படிச்சதில்லை, என்னை மாதிரியே. அதுக்கப்புறமும் படத்துல ரெண்டு பேர் இருக்காங்களேன்னு ஒரு கேள்வி. சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள பதினஞ்சு நிமிஷம் போச்சு. அந்தப் பதினஞ்சு நிமிஷமும் அம்மா, பள்ளிக்கூடத்துல வெளிய நிக்க வச்ச பிள்ளை மாதிரி ஓரமா நின்னுக்கிட்டு, அதிரசப் பையைக் கை மாத்திக் கை மாத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் முழுசா எறங்கலை. மாமா அங்க மூச்சை எண்ணிக்கிட்டு இருக்காரு, இங்க ஒரு மனுஷி தன்னோட கல்யாணப் போட்டோ மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து நீட்டியும் நீ யாருன்னு கேக்குறாய்ங்க.

சூப்பர்வைசர் வந்து ரெண்டே நொடியில சரின்னுட்டாரு. போர்டிங் பாஸ் வந்துச்சு. பேரை உரக்க வாசிச்சாங்க. கடைசிப் பேரைச் சொல்லி, மிஸ்டர் இன்னார், மிஸஸ் இன்னார். விமான நிலையத்துல மட்டும் என்னை எல்லாரும் எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு அம்மாவையும்.

ஏறி உக்காந்ததும் பென்ஷன் புக்கைப் பையில வைம்மா, தொலைஞ்சிரப் போகுதுன்னேன். வைக்கலை. மடியிலயே வச்சுக்கிச்சு. சீட் பெல்ட்டை அதுக்கு மேலயே போட்டு விட்டேன். ஓடுபாதையில வேகம் எடுக்கிறப்போ என் கையைப் பிடிக்கும்னு நெனச்சேன், ரெண்டு கையும் புக்கு மேலதான் இருந்துச்சு. மேல போனதும் ஜன்னல் வழியா கண்மாயெல்லாம் தட்டுத் தட்டாத் தெரிஞ்சுச்சு. ஐப்பசி மழையில கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு.

“றெக்கைக்கு மேல காத்து வெரசாப் போகுமாம்ல”ன்னுச்சு.

அடப்பாவமே, அந்தப் பாடம் வீட்டுலயும் நடந்திருக்கு.

சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயிட்டோம். மாமாவுக்கு நினைவு வந்து வந்து போயிக்கிட்டு இருந்துச்சு. அம்மாவைப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டாரு. வாய் ஒரு பக்கம் கோணியிருந்துச்சு, “எப்படித்தா வந்தே, இவ்வளவு சுருக்கா?”ன்னு கேட்டது எனக்கே பாதிதான் புரிஞ்சுச்சு. “ஒங்க மாப்ளதேன் கூட்டியாந்தாகண்ணே”ன்னு அம்மா சொல்லுச்சு. அவரு அதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டாரா, மாப்ள செத்துப் போனது அவருக்கு அந்த நேரம் ஞாபகம் இருந்துச்சான்னு தெரியலை. தலையை ஆட்டினாரு. அதிரசத்துல ஒரு விள்ளலை உதட்டுல தொட்டு வச்சுச்சு. புதன்கிழமை காலையில போயிட்டாரு. காரியம் முடிஞ்சு அம்மாவை ரயில்லதான் கூட்டியாந்தேன்.

வந்ததும் முதல் வேலையா ஆதார் மையத்துக்குப் போய் அம்மா செல் நம்பரை மாத்தினேன். புதுசா ஒண்ணு அச்சடிச்சாச்சு, வாக்காளர் அட்டையும் கலர்ல மாத்தியாச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க ஆதார்ல எந்த செல் நம்பர் இருக்குன்னு ஒரு எட்டு பாத்து வச்சுக்குங்க மக்களே, முக்காவாசி வீட்டுல அது இல்லாதவங்க நம்பராத்தான் இருக்கும். பேங்க் பாஸ்புக்ல போட்டோ ஒட்டி சீல் வாங்குறதுக்கு அஞ்சு நிமிஷம்தான். டிக்கெட் போடும்போது எந்தக் கார்டை நீட்டப் போறோமோ அதைக் கையில வச்சுக்கிட்டு எழுத்தைப் பாத்து அடிங்க, மனசுல இருக்கிற பேரை அடிக்காதீங்க. ஜெராக்ஸை நம்பிப் போகாதீங்க, அசல் வேணும்.

அதுக்கப்புறம் அம்மா ரெண்டு தடவை பறந்துருச்சு. ரெண்டு தடவையும் வாசல்ல ஆதாரைத்தான் காட்டுச்சு, அரை நொடியில விட்டுட்டாங்க. ஆனா கைப்பையில பிளாஸ்டிக் கவர் இருந்துச்சு, சிவப்பு மை அடிக்கோட்டோட. இப்ப எதுக்கும்மா அது, அதான் ஆதார் இருக்கேன்னு கேட்டேன்.

“இருக்கட்டும்டா. நான் மட்டும் போனா நல்லாவா இருக்கு?”

டிஸ்கி: அந்த ஜோடிப் படத்தை மட்டும் இங்க போட்டுக்கவான்னு அம்மாகிட்ட கேட்டேன். “கேட்டு நிக்கிறவய்ங்களுக்குக் காட்டுனாப் போதும்”னுருச்சு.